அறியா வினா

மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் கேள்வி ஓய்வதில்லை. பல் தேய்க்கும்போது தொடங்குவது, இரவு விளக்கை அணைத்த பிறகும் தொடரும். பல்லி ஏன் கீழே விழவில்லை, இருட்டு எங்கிருந்து வருகிறது, நாய்க்கு ஏன் பேசத் தெரியாது, பாட்டிக்கு மட்டும் முடி ஏன் வெள்ளை, நேற்று எங்கே போயிற்று? அலுத்துப்போன பெரியவர்கள் இதைத் தொணதொணப்பு என்பார்கள், நைநை என்பார்கள். ரஷ்யக் குழந்தை இலக்கிய எழுத்தாளர் கர்னேய் சுக்கோவ்ஸ்கி இதைப் பொக்கிஷமாகக் கருதினார். சிறுவர்களின் பேச்சையும் கேள்விகளையும் ஆண்டுக்கணக்கில் திரட்டி 1928-ல் ஒரு நூலாக்கினார். பின்னாளில் அந்த நூலுக்கு அவர் வைத்த பெயர் 'இரண்டிலிருந்து ஐந்து வரை'. கேள்விகள் பொங்கி வரும் வயதை அந்தத் தலைப்பே சொல்லிவிடுகிறது.

கேள்விகள் எல்லாம் ஒரே குணம் உடையவை அல்ல என்பதைத் தமிழ் இலக்கணம் நுணுக்கமாகக் கவனித்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், வினாவை ஆறாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடை தெரிந்தவர், எதிரே இருப்பவருக்குத் தெரியுமா என்று பார்க்கக் கேட்பது அறிவினா. ஆசிரியர் மாணவனிடம் கேட்பது அது. தெரியாதவர் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. ஒன்றைப் பெறுவதற்காகக் கேட்பது கொளல். கொடுப்பதற்காகக் கேட்பது கொடை. ஒரு வேலையைச் செய்யச் சொல்வதற்காகக் கேட்பது ஏவல். 'பிஸ்கட் இருக்கா?' என்று சிறு குழந்தை கொளல் வினாவும் கேட்கும், 'அது பூனையா, பையா?' என்று ஐய வினாவும் கேட்கும். ஆனாலும் அதன் பேச்சில் மிகுந்து நிற்பது அறியா வினாதான். பெரியவர்கள் குழந்தையிடம் கேட்பவையோ பெரும்பாலும் வேறு இரண்டு: 'இது என்ன கலர்?' என்ற அறிவினா, 'பாலைக் குடிச்சியா?' என்ற ஏவல் வினா. குழந்தையின் ஆர்வத்தைப் பற்றி உளவியல் கண்டறிந்தவற்றில் பெரும்பகுதியைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வேறுபாடு போதும்.

வாய் பேசுமுன்

சொல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே கேள்வி வந்துவிடுகிறது. எதிர்பாராத ஒன்றைக் காணும் கைக்குழந்தை வழக்கத்தைவிட அதிக நேரம் அதையே உற்றுப் பார்க்கிறது. பார்ப்பதோடு நிற்பதும் இல்லை. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் நடத்தி 2015-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. 11 மாதக் குழந்தைகள் சிலருக்கு, உருண்டு வரும் பந்து ஒரு சுவரை ஊடுருவி மறுபுறம் போய் நிற்பதுபோல ஒரு காட்சி காட்டப்பட்டது. வேறு சிலருக்கு, ஒரு பொம்மைக் கார் பெட்டியின் விளிம்பைத் தாண்டிய பிறகும் விழாமல் அந்தரத்தில் நிற்பதுபோலக் காட்டப்பட்டது. பிறகு அந்தப் பந்தும் காரும் குழந்தைகளின் கையில் கொடுக்கப்பட்டன. சுவரைத் துளைத்த பந்தைப் பெற்றவை அதை முன்னால் இருந்த பலகையில் தட்டித் தட்டிப் பார்த்தன. அந்தரத்தில் நின்ற காரைப் பெற்றவை அதைக் கீழே போட்டுப் போட்டுப் பார்த்தன. பந்து கெட்டியானதுதானா என்று முதல் கூட்டமும், இந்தக் கார் விழுமா விழாதா என்று இரண்டாம் கூட்டமும் கையால் கேட்ட கேள்விகள் அவை. ஒரு சொல்கூடப் பேசத் தெரியாத வயது அது.

ஸ்பூனைக் கீழே போட்டுவிட்டு எட்டிப் பார்க்கும் குழந்தையை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். எடுத்துக் கொடுத்தால் மறுபடி போடும். எடுத்துக் கொடுப்பவரின் முதுகு வலிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அங்கே பிடிவாதம் இல்லை, சோதனை நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்து வருவது விரல். ஒன்பதாம் மாதத்திலிருந்து முதல் பிறந்தநாளைத் தாண்டிய ஓரிரு மாதங்களுக்குள் பெரும்பாலான குழந்தைகள் சுட்டிக்காட்டத் தொடங்குகின்றன. இடுப்பில் உட்கார்ந்தபடி மதில்மேல் இருக்கும் காக்கையை நோக்கி விரலை நீட்டி, திரும்பி அம்மாவின் முகத்தைப் பார்க்கிறதே, அந்தப் பார்வைதான் முக்கியம். விரல் 'அது' என்கிறது, கண் 'என்ன?' என்கிறது. 'காக்கா' என்று விடை வந்ததும் முகம் மலர்கிறது. நிலாவையும் காக்கையையும் காட்டிச் சோறு ஊட்டும் நம் வழக்கம், சாப்பாட்டு வேளையை ஒரு பாடவேளையாகவும் ஆக்கி வைத்திருக்கிறது. ஒன்றரை வயதாகியும் குழந்தை எதையும் சுட்டிக்காட்டாமல் இருந்தால் குழந்தை மருத்துவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது. அந்த வயதில் மருத்துவர்கள் கேட்டறியும் முதன்மையான குறிகளில் அதுவும் ஒன்று.

மணிக்கு நூறு

பேச்சு வந்ததும் முதலில் புறப்படுபவை பெயரையும் இடத்தையும் கேட்கும் கேள்விகள்: 'இது என்ன?', 'அப்பா எங்க?', 'யாரு?' உலகத்தில் உள்ளவற்றுக்கெல்லாம் பெயர் உண்டு என்று தெரிந்துகொண்ட குழந்தை அந்தப் பெயர்களை மூட்டை கட்டத் தொடங்குகிறது. மூன்று வயதை ஒட்டி 'ஏன்', 'எப்படி' இரண்டும் பெருகுகின்றன. 'எப்போ' பிந்தியே வருகிறது, வந்த பிறகும் நெடுநாள் தடுமாறுகிறது. காலம் கண்ணுக்குத் தெரியாத பொருள். நாளைக்குப் போன கோயிலும் நேற்று வரப்போகும் மாமாவும் நான்கு வயதுப் பேச்சில் சாதாரணம்.

எத்தனை கேள்விகள்? அமெரிக்க ஆய்வாளர் மிஷெல் ஷுயினார்ட், நான்கு குழந்தைகளின் வீட்டுப் பேச்சு ஒலிப்பதிவுகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கணக்கு பலமுறை மேற்கோள் காட்டப்படுகிறது. சுமார் 230 மணி நேரப் பதிவுகளில் அந்த நால்வரும் கேட்டவை 24,741 கேள்விகள். ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் மணிக்குச் சராசரியாக 107 கேள்விகள். அவற்றுள் பத்துக்கு ஏழு, தகவல் தேடிக் கேட்கப்பட்டவை. கவனத்தை ஈர்க்கவும் அனுமதி வாங்கவும் கேட்டவை மீதிதான். 'பேச்சுத் துணைக்காகச் சும்மா கேட்கிறது' என்று பெரியவர்கள் நினைப்பது பெரும்பாலும் தவறு என்று இந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது.

இதற்கு வலுவான சான்று வேறோர் ஆய்வில் கிடைத்தது. 2009-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் ஓர் எளிய விஷயத்தைக் கவனித்தார்கள்: 'ஏன்' என்று கேட்ட குழந்தைக்குக் காரணம் சொன்னால் என்ன செய்கிறது, காரணம் அல்லாத ஒன்றைச் சொன்னால் என்ன செய்கிறது? காரணம் கிடைத்தால் தலையாட்டி ஏற்றுக்கொள்கிறது, அல்லது அதிலிருந்து கிளைக்கும் அடுத்த கேள்விக்குப் போகிறது. காரணம் கிடைக்காவிட்டால் பழைய கேள்வியையே மறுபடி கேட்கிறது, அல்லது தானே ஒரு காரணத்தை உண்டாக்கிச் சொல்கிறது. விடைக்கும் விடைபோலத் தோற்றம் காட்டும் வெற்றுச் சொல்லுக்கும் உள்ள வேறுபாடு மூன்று வயதுக்குத் தெரிகிறது.

அடுப்படியில் இதை எந்தக் காலையிலும் பார்க்கலாம். தோசைக்கல் பக்கத்தில் நிற்கும் குழந்தை கேட்கிறது: 'தோசைல ஏன் ஓட்டை ஓட்டையா இருக்கு?' 'தோசைன்னா அப்படித்தான் இருக்கும்' என்றால், 'ஏன் அப்படித்தான் இருக்கும்?' என்று அதே இடத்தில் நிற்கும். ஐந்து முறை கேட்கும். இது தொணதொணப்பு இல்லை. கேட்டது இன்னும் வரவில்லை. 'மாவு புளிச்சிருக்கு, அதுக்குள்ள காத்து இருக்கு. கல்லு சூடா இருக்கிறதால அந்தக் காத்து வெளிய ஓடுது, போன இடமெல்லாம் ஓட்டை' என்றால் கதை மாறுகிறது. 'மாவுக்குள்ள யாரு காத்து ஊதினா?' என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி அது. அரிசி உளுந்து மாவில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் வளர்ந்து, மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, கரியமில வாயுவை விடுகின்றன. ராத்திரி பாதிப் பாத்திரம் இருந்த மாவு காலையில் பொங்கி நிற்பது அதனால்தான். 'குட்டிக் குட்டி உயிர் இருக்கு, அதுங்க மாவைச் சாப்பிட்டுட்டு காத்து விடுது.' ஒரு நொடி மௌனம். 'அப்ப நாம அதையும் சேத்துத் திங்கறமா?' ஆமாம், சூட்டில் அவை செத்துவிடும், வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டு தோசை வேகும் நேரத்தில் குழந்தை உயிரியலின் வாசலுக்கு வந்துவிட்டது. இதற்குப் பெரிய படிப்பு தேவைப்படவில்லை. ஒவ்வொரு முறையும் உண்மையான காரணம் ஒன்று கிடைத்தது, அவ்வளவுதான்.

'ஏன்' என்றால் 'எதுக்கு'

குழந்தையின் கேள்வியை எப்போதும் பெரியவர் காதால் கேட்டுவிட முடியாது. சுவிட்சர்லாந்தின் ழான் பியாஜே 1923-ல் வெளியிட்ட தம் முதல் உளவியல் நூலில், ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் பத்து மாதங்களில் தன்னைக் கவனித்துக்கொண்ட பெண்ணிடம் கேட்ட 1,125 கேள்விகளை வரிசைப்படுத்தி ஆராய்ந்தார். சிறு குழந்தையின் 'ஏன்' என்ற சொல்லில் காரணம், நோக்கம், எண்ணம் மூன்றும் பிரியாமல் கலந்து கிடக்கின்றன என்பது அவர் கண்டது. ஜெனீவாவை ஒட்டி சலேவ் என்றொரு மலை இருக்கிறது. பெரிய சலேவ், சிறிய சலேவ் என்று அதற்கு இரண்டு பகுதிகள். சலேவ் ஏன் இரண்டு என்ற கேள்விக்கு மற்றச் சிறுவர்கள் சொன்ன விடை: நெடுந்தூரம் நடப்பதற்கு ஒன்று, கொஞ்ச தூரம் நடப்பதற்கு ஒன்று.

தமிழ்ப் பேச்சில் 'ஏன்' வேறு, 'எதுக்கு' வேறு. 'மழை ஏன் பெய்யுது?' என்றால் காரணம். 'மழை எதுக்குப் பெய்யுது?' என்றால் பயன். குழந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். செடி வளர்வதற்காக மழை பெய்கிறது, நாம் தூங்குவதற்காக இருட்டுகிறது. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டெபோரா கெலமன், பாறைகள் ஏன் கூராக இருக்கின்றன என்று சிறுவர்களிடம் கேட்டு இதை ஆராய்ந்தார். சிறு சிறு கற்கள் காலப்போக்கில் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததால் என்ற விளக்கத்தைவிட, அரிப்பெடுக்கும் மிருகங்கள் முதுகைச் சொறிந்துகொள்வதற்காக என்ற விளக்கமே அவர்களுக்குப் பிடித்திருந்தது. இந்தப் போக்கு வயதோடு முற்றிலும் மறைந்துவிடுவதும் இல்லை. யோசிக்க நேரம் கொடுக்காமல் விரைந்து விடை சொல்ல வைத்தபோது படித்த பெரியவர்களும், அறிவியலைத் தொழிலாகக் கொண்டவர்களும்கூட இதே பக்கம் சாய்ந்ததை அவரும் அவருடைய குழுவினரும் பின்னர் காட்டினார்கள்.

குழந்தை வெறும் பாத்திரமாக வந்து நிற்பதில்லை என்பதுதான் இதிலிருந்து தெரிவது. அதனிடம் ஏற்கெனவே ஒரு விளக்கம் இருக்கிறது. சொல்லப்படும் விடையை அந்த விளக்கத்தோடு ஒட்டவைத்துப் பார்க்கிறது. பூமி உருண்டை என்று பள்ளியில் கேட்கிறது. காலடியில் தரை தட்டையாகக் கிடப்பதைக் கண்ணால் பார்க்கிறது. இரண்டையும் சேர்த்து, உருண்டைக்குள்ளே தட்டையான தரையில் மனிதர்கள் நிற்பதாக ஒரு படம் வரைகிறது. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சிறுவர்களிடம் இத்தகைய பல பூமிகளைக் கண்ட ஆய்வாளர்கள், ஐதராபாத்திலும் அதே கேள்விகளைக் கேட்டு 1996-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அங்கே பல சிறுவர்களின் பூமி தண்ணீர்மேல் மிதந்தது. கேட்ட கதைகளும் பார்த்த படங்களும் விளக்கத்துக்குள் வந்து அமர்ந்துகொள்கின்றன. இவற்றைத் தப்பு என்று தள்ளிவிடுவதைவிட, 'அப்ப தண்ணிக்கு அடியில என்ன இருக்கு?' என்று கேட்பது மேல். விளக்கம் எங்கே விரிசல் விடுகிறது என்பதைக் குழந்தையே கண்டுகொள்ளும்.

கேட்காத குழந்தை

எல்லா ஊர்க் குழந்தைகளும் ஒரே அளவில் 'ஏன்' என்று கேட்பதில்லை. பெலீஸ், கென்யா, நேபாளம், அமெரிக்க சமோவா ஆகிய இடங்களைச் சேர்ந்த நான்கு சமூகங்களில் 1970களின் இறுதியில் திரட்டப்பட்ட பேச்சுப் பதிவுகளைப் பின்னாளில் ஆராய்ந்தபோது, 'என்ன', 'எங்கே' போன்ற தகவல் கேள்விகளை அந்தக் குழந்தைகளும் தாராளமாகக் கேட்டிருந்தார்கள். 'ஏன்' மட்டும் மிகக் குறைவு. பெரியவரிடம் காரணம் கேட்பது மரியாதைக் குறைவாகக் கருதப்படும் இடத்தில் ஆர்வம் வேறு வழியில் போகிறது. தறியின் பக்கத்திலும் வயல் வரப்பிலும் உட்கார்ந்து, கண்கொட்டாமல் பார்த்து, கேட்காமலே கற்றுக்கொள்ளும் குழந்தைகள் உலகெங்கும் உண்டு. ஆகவே வாய் பேசாத பிள்ளைக்கு ஆர்வம் இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

தமிழ் வீடுகளிலும் இந்த வேலிகள் உண்டு. வெளியே கிளம்புகிறவரைப் பார்த்து 'எங்க போறீங்க?' என்று கேட்டால் போகிற காரியம் கெடும் என்று பாட்டிமார் கடிந்துகொள்வார்கள். மூன்று வயதுக்கு அது புரிவதில்லை. செருப்பு மாட்டும் தாத்தாவிடம் அது முதலில் கேட்பதே அந்தக் கேள்வியைத்தான். 'பெரியவங்க பேசும்போது குறுக்க பேசாதே', 'எதிர்க்கேள்வி கேக்காதே', 'அதிகப்பிரசங்கி' என்பன சற்று வளர்ந்த பிறகு வருபவை. 'சாமி கண்ணைக் குத்தும்' என்பது எந்தக் கேள்விக்கும் பொருந்தும் பழைய விடை. பயமுறுத்தல் கேள்வியை நிறுத்தும். கேட்டவனின் குழப்பத்தை நிறுத்தாது. காரணம் கிடைக்காத குழந்தை தானே ஒரு காரணத்தை உண்டாக்கிக்கொள்ளும் என்பதை மேலே பார்த்தோம். பயத்தில் உண்டாக்கும் காரணம் இருட்டறையில் தனியாகப் படுக்கும்போது பூதாகரமாக வளரும்.

இரண்டு கேள்விகள் எந்தப் பெற்றோரையும் திணறவைப்பவை. முதலாவது, 'நான் எங்கேருந்து வந்தேன்?' இதற்குத் தமிழ் வீடுகளில் வழிவழியாக ஒரு விடை உண்டு: 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்.' சொல்பவர்களுக்கு அது விளையாட்டு. கேட்கும் பிள்ளைகளில் பலர் அதை உண்மையென்று நம்பி நாள்கணக்கில் மருகியிருக்கிறார்கள், தம்பிக்கும் தனக்கும் முகச்சாயல் ஒத்திருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்திருக்கிறார்கள். 'அம்மா வயித்துல இருந்தே' என்பது உண்மை, ஆனால் அதிலும் ஒரு சிக்கல். வயிறு என்பது சோறு போகும் இடம் என்றுதான் குழந்தைக்குத் தெரியும். தர்ப்பூசணி விதையை விழுங்கினால் உள்ளே செடி முளைக்கும் என்று வேறு யாரோ சொல்லியிருப்பார்கள். அம்மா பாப்பாவை விழுங்கிவிட்டாளா என்ற கலக்கம் வந்துவிடும். குழந்தை வளர்வதற்கென்று அம்மாவின் உடம்புக்குள் தனியாக ஒரு பை இருக்கிறது, அதன் பெயர் கருப்பை என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதும். நான்கு வயதுக் கேள்விக்கு நான்கு வயது விடை. மீதியை அது கேட்கும்போது சொல்லலாம்.

இரண்டாவது, சாவு. தாத்தாவின் படத்துக்கு மாலை போட்ட வீட்டில் பேரன் கேட்கிறான்: 'தாத்தா எப்ப வருவாரு?' இறந்தவர் திரும்பி வர மாட்டார், உடல் இயக்கம் முழுவதும் நின்றுவிடுகிறது, இது எல்லா உயிருக்கும் வரும் என்ற மூன்று உண்மைகளும் பெரும்பாலான குழந்தைகளுக்கு ஐந்து வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில் தெளிவாகின்றன. அதற்கு முன் சாவு என்பது வெளியூர்ப் பயணம் போன்றது. எனவே ஒரே கேள்வி பத்து முறை வரும். 'தாத்தா தூங்குறாரு' என்று சொல்வது ஆறுதலாகத் தோன்றினாலும் தீங்கு செய்யும். தூங்கப் போகவே பயப்படும் பிள்ளைகளும், அம்மா கண் அயர்ந்தால் தட்டி எழுப்பும் பிள்ளைகளும் உண்டு. 'ஊருக்குப் போயிருக்காரு' என்றால் சொல்லாமல் போய்விட்டாரே என்ற கோபம் வரும். தாத்தாவின் உடம்பு வேலை செய்வதை நிறுத்திவிட்டது, இனி அவர் வர மாட்டார், அதனால்தான் எல்லாரும் அழுகிறோம். இந்தச் சொற்கள் கடினமானவைதான். ஆனால் குழந்தை இவற்றைத் தாங்கும். தங்கள் நம்பிக்கைப்படி சாமியிடம் போனதாகச் சொல்லும் குடும்பங்களும் இந்த உண்மையை முதலில் சொல்லிவிட்டு அதைச் சேர்ப்பது நல்லது.

பள்ளிக்கூட வாசலில்

பார்பரா டிசார்ட், மார்ட்டின் ஹியூஸ் இருவரும் 1984-ல் வெளியிட்ட ஆய்வு, நான்கு வயதை ஒட்டிய 30 பிரிட்டிஷ் சிறுமிகளின் பேச்சை வீட்டிலும் மழலையர் பள்ளியிலும் ஒலிப்பதிவு செய்து ஒப்பிட்டது. வீட்டில் தாயிடம் மணிக்குச் சராசரியாக 26 கேள்விகள் கேட்டவர்கள், பள்ளியில் ஆசிரியையிடம் கேட்டது மணிக்கு 2. அதே சிறுமிகள், அதே வயது. அந்தப் பள்ளிகளின் ஆசிரியைகள் கடுமையானவர்களும் அல்லர். குழந்தைகள் பலர், ஆசிரியை சிலர் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், கேள்வி கேட்கும் உரிமை கைமாறிவிட்டது என்பது. பள்ளியில் கேட்பவர் ஆசிரியர், சொல்பவர் மாணவர். 'இது என்ன வடிவம்?', 'வாழைப்பழம் என்ன நிறம்?' எல்லாமே விடை தெரிந்தவர் கேட்கும் அறிவினா. அறியா வினாவுக்கு அங்கே இடமும் நேரமும் இல்லை.

வீட்டுப் பதிவுகளில் அந்த ஆய்வாளர்கள் பொன்போல மதித்தவை நீண்ட உரையாடல்கள். ஒரு சிறுமி ஒன்றைப் புரிந்துகொள்ள முடியாமல், கேட்டதையே திருப்பித் திருப்பி வேறு வேறு விதமாகக் கேட்டு, தாயின் விடைகளைத் தன் அனுபவத்தோடு மோதவிட்டுப் பார்க்கும் தருணங்கள் அவை. வீட்டு வேலைக்கு நடுவே, பெரும்பாலும் சாதாரண விஷயங்களைப் பற்றி நடந்த பேச்சுகள். படித்த குடும்பம், உழைக்கும் குடும்பம் என்ற இரு தரப்பிலும் அவை கிடைத்தன.

கேட்டுப் பெற்ற விடை மனத்தில் தங்குவதற்கு மூளையிலும் காரணம் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பெரியவர்களிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், விடையை அறியும் ஆவல் மிகுந்திருந்த நேரத்தில் மூளையின் டோபமைன் சார்ந்த பகுதிகள் கூடுதலாக இயங்கின. அந்த விடை நன்றாக நினைவில் நின்றது. இடையே காட்டப்பட்ட, கேள்விக்குத் தொடர்பே இல்லாத முகங்கள்கூட நன்றாக நினைவில் நின்றன.

கற்றுக்கொடுப்பதே தேடலைச் சுருக்கிவிடுவதும் உண்டு. 2011-ல் வெளியான ஓர் ஆய்வில், பல குழாய்களைச் சேர்த்துச் செய்த புதுமையான பொம்மை ஒன்று சிறுவர்களிடம் தரப்பட்டது. ஒன்றை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். விளக்கு எரிவது, இசை ஒலிப்பது, உள்ளே கண்ணாடி இருப்பது என்று வேறு ரகசியங்களும் அதில் இருந்தன. 'இது இப்படித்தான் வேலை செய்யும், பார்' என்று சத்தத்தை மட்டும் சொல்லிக்காட்டியபோது, சிறுவர்கள் அதையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் கீழே வைத்தார்கள். தற்செயலாகச் சத்தம் வந்ததுபோல நடந்துகொண்டு கையில் கொடுத்தபோது, அதிக நேரம் விளையாடி மற்ற ரகசியங்களையும் கண்டுபிடித்தார்கள். ஆசிரியர் ஒன்றைக் காட்டினால் அதற்குமேல் ஒன்றும் இல்லை போலிருக்கிறது என்று குழந்தை கணக்குப் போடுகிறது. நியாயமான கணக்குதான். அதனால்தான் 'இன்னும் என்னவோ இருக்கு, எனக்கே தெரியலை' என்ற சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு.

தெரியாது என்று சொல்வதில் பெரியவர்களுக்குக் கூச்சம் இருக்கிறது. தெரியும் என்று நினைப்பதே தவறாக இருந்த கதையும் உண்டு. கடல் ஏன் நீலம் என்ற கேள்விக்கு, வானத்தின் நிறம் தண்ணீரில் தெரிவதால் என்பது நெடுங்காலம் அறிஞர்களும் சொன்ன விடை. 1921-ல் இங்கிலாந்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சி.வி. ராமன், நார்குண்டா என்ற கப்பலின் மேல்தளத்தில் நின்று, நிக்கோல் பட்டகம் என்ற சிறு கருவியால் கடற்பரப்பில் பிரதிபலிக்கும் வான ஒளியை விலக்கிப் பார்த்தார். நீலம் போகவில்லை. தண்ணீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற எண்ணத்தில் தொடங்கிய ஆராய்ச்சி, 1928 பிப்ரவரி 28 அன்று ராமன் விளைவில் வந்து நின்றது. தண்ணீர் சிவப்பு ஒளியை அதிகமாக உறிஞ்சிக்கொள்வதும் கடலின் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்று தெரிகிறது. மெரினாவில் அப்பாவின் தோள்மேல் உட்கார்ந்து நான்கு வயது கேட்கும் கேள்விக்கு, 'வானம்தான் தண்ணியில தெரியுது' என்பது இன்றும் முழுமையான விடை இல்லை.

தெரியாத கேள்விக்கு விடை தேடும் வழிகள் பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கின்றன. எறும்பு எங்கே போகிறது என்றால் பின்னாலேயே போய்ப் பார்க்கலாம். எலுமிச்சை மிதக்கிறது, உரித்தால் மிதக்குமா என்றால் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் போதும். செல்பேசியில் தேடினால் விடை உடனே வரும். சில கேள்விகளுக்கு அது நல்ல வழிதான். ஆனால் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒன்றைத் திரையில் காட்டுவது அந்த வாய்ப்பைப் பறிப்பதுதான். மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல் தொடங்கிய பள்ளி அறிவியல் திட்டத்தில், நடுநிலைப் பள்ளி மாணவர்கள் தங்கள் கேள்விகளைக் கடிதமாக எழுதி அனுப்ப சவாலிராம் என்ற கற்பனை மனிதரை உருவாக்கி வைத்திருந்தார்கள். கேள்வி கேட்க ஒரு முகவரி இருக்கிறது என்பதே பிள்ளைகளை எழுத வைத்தது. சின்னக் குழந்தைக்கு அந்த முகவரி வீட்டில் இருக்கும் பெரியவர்.

சில விடைகள் அந்த வயதுக்குள் அடங்காதவை. நிலா அப்படி ஒன்று. இரவுப் பேருந்தின் ஜன்னலோரம் உட்கார்ந்த குழந்தை, 'அம்மா, நிலா நம்மகூடவே வருது' என்கிறது. பக்கத்து மரங்கள் விர்ரென்று பின்னால் ஓடுகின்றன, தூரத்து மலை மெதுவாக நகர்கிறது, சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் நிலாவின் திசையோ பேருந்து நாள் முழுக்க ஓடினாலும் அந்த ஓட்டத்தால் மாறியதாகக் கண்ணுக்குத் தெரியாது. மாறாமல் இருப்பது கூட வருவதுபோலத் தோன்றுகிறது. இதை நான்கு வயதுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. நிலா தன்னைப் பின்தொடர்கிறது என்று நம்பிய சிறுவர்களிடம் பியாஜே, இருவர் எதிரெதிர்த் திசையில் நடந்தால் அது யாரோடு போகும் என்று கேட்டுப் பார்த்திருக்கிறார். ஜன்னலோரத்திலும் அதைக் கேட்கலாம்.

'எதிர்ல ஒரு பஸ் போகுதில்ல, அதுல ஒரு பாப்பா இருந்தா, நிலா அதுகூடப் போகுமா, உன்கூட வருமா?'

குழந்தை எதிர்ப் பேருந்தைப் பார்க்கிறது, நிலாவைப் பார்க்கிறது. இரண்டு நிறுத்தங்கள் வரை பேச்சே இல்லை. மூன்றாவது நிறுத்தத்தில் நடத்துநர் விசில் ஊதியதும் கேட்கிறது:

'அம்மா, மொத்தம் எத்தனை நிலா இருக்கு?'